மச்சான் சொன்னால் வருவார்

அம்மா இறந்த இருபத்து மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு அவளுடைய போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"டெலிபோன் அம்மாங்களா? நான் பொன்னி பேசறேம்மா, மேலத்திட்டுலேருந்து. தரைப்பாலம் முழுவிப் போச்சு. எங்க மாமாவ சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். போன வெள்ளத்துல ஒரு போட்டுக்காரர அனுப்புனீங்களே, அவுரு நம்பரு வேணும்."

அம்மா இல்லை என்று சொன்னேன். அவளுடைய மகள் ஜான்சி பேசுகிறேன் என்றேன்.

"எப்பம்மா?"

"போன மாசம்."

அவள் பக்கம் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"தெரியாம கூப்ட்டேன். மனசுல வச்சிக்காதீங்க. நான் வேற யாரையாச்சும் கேக்கறேன்."

"வைக்காதீங்க. மாமாவுக்கு என்னன்னு சொல்லுங்க."

அவளுடைய மாமனார் பக்கிரிக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் டயாலிசிஸ். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதில் இந்தச் செவ்வாய் போக முடியவில்லை. முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டதில், நாளைவரை தாங்காது, இன்று சாயங்காலத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மீட்புப் படகுகள் எல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர்களில் இருந்தன. மேலத்திட்டு மேடு. வீடுகள் நனையவில்லை. போகவர வழிதான் இல்லை. நாளைக் காலை வருகிறோம் என்றிருக்கிறார்கள்.

"அந்தப் போட்டுக்காரர் பேரு?"

"தெரியலீங்க. அம்மாதான் பேசி அனுப்புனாங்க."

"போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"ஒம்போது."

"ஆஃப் பண்ணிடுங்க. அரை மணிக்கு ஒருதரம் போடுங்க. நானே கூப்புடறேன்."

சார்ஜ் கேட்கும் பழக்கம் அம்மாவுடையது. அன்று என் வாயில் வந்தது.

என் அம்மா பிரிசில்லா கடலூர் முதுநகரில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் தொலைபேசி ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தாள். 197 என்று சுழற்றினால் ஒரு குரல் வரும், பேரையும் ஊரையும் சொன்னால் எண்ணைச் சொல்லும். சிதம்பரத்தில் பதின்மூன்று வருடம், கடலூரில் மீதி. அந்தக் குரல்களில் ஒன்று அவளுடையது.

டைரக்டரி பேர் வரிசையில் அச்சாகியிருக்கும். கேட்கிறவர்களுக்குப் பேர் தெரியாது. கீழ வீதியில் பாத்திரக்கடை, வாசலில் பெரிய அண்டா தொங்கும் என்பார்கள். லால்பேட்டையில் கொலுசு மாதிரி கேட் போட்ட வீடு என்பார்கள். மற்ற ஆபரேட்டர்கள் பேர் தெரியாமல் கூப்பிடாதீர்கள் என்று இணைப்பைத் துண்டிப்பார்கள். அம்மா துண்டிக்க மாட்டாள். பக்கத்தில் என்ன கடை, எதிரில் யார், வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்பாள். கிடைத்ததும் அந்த விவரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து டைரியில் எழுதுவாள். அடுத்தமுறை யாராவது அண்டாவைச் சொன்னால் எண் தயாராக இருக்கும்.

அவளோடு வேலை பார்த்த மாரியம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

"ஒங்கம்மாகிட்ட ஒருத்தன் எங்க வூட்டு மாடு காணோம்னு கூப்ட்டான்டி. கொம்பு எப்படியிருக்கும்னு கேக்கறா."

"கெடச்சிதா இல்லியா, அதச் சொல்லு" என்பாள் அம்மா.

"கெடச்சிது. அதான் வயித்தெரிச்சல்."

அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு போன்தான். மற்றவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரர் போய் ஆளை அழைத்து வர வேண்டும். சிலர் அழைத்து வருவார்கள். சிலர் ஆள் இல்லை என்று வைத்துவிடுவார்கள். யார் எழுந்து போவார், எந்த நேரத்தில் போவார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அம்மாவின் டைரியில் உண்டு. தைப்பூசத்தன்று வடலூரில் கூட்டத்தில் பிரிந்தவர்கள் கடைப் போனிலிருந்து 197க்கு அடிப்பார்கள். ஊர்ப் பேரையும் தெருவையும் வைத்து அம்மா ஒரு பி.பி. வீட்டைப் பிடித்துச் சேதி சொல்லிவிடுவாள். அது அவளுடைய வேலையில் சேராது. அதற்காக ஒரு முறை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த தைப்பூசத்துக்கும் அதையே செய்தாள்.

அப்பா நான் நான்காவது படிக்கும்போது விபத்தில் இறந்தார். அம்மா பதினோராம் நாள் ஷிஃப்டுக்குப் போனாள்.

செல்போன் வந்தபின் 197ஐக் கேட்பார் இல்லாமல் போனது. அம்மா விருப்ப ஓய்வு வாங்கினாள். கூப்பிட்டுப் பழகியவர்கள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எண் வேண்டும் என்பது குறைந்து, ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர், பாம்பு பிடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுக்க வருபவர். அம்மா டைரியை விடவில்லை. கடைசியில் பதினேழு டைரி, ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்ததும் நான் சென்னையிலிருந்து வந்துவிட்டேன். மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். நாலு மாதம் கிடைத்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்.

"இத கம்ப்யூட்டர்ல ஏத்திடு. நான் போனப்புறம் யாராச்சும் கேட்டா தெரியாதுன்னு சொல்லக்கூடாது."

அவள் படித்தாள், நான் தட்டினேன். ஒவ்வொரு ஆளும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நாலு அறை: பெயர், எண், ஊர், குறிப்பு. ஜாவாஸ்கிரிப்ட்டில் பெட்டிக்கு ஆப்ஜெக்ட் என்று பேர், பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் அர்ரே. பெயரும் எண்ணும் நிமிடத்தில் முடிந்துவிடும். குறிப்பு மட்டும் முடியாது. வெள்ளை மீசை என்பாள், மனைவி எடுத்தால் கொடுக்க மாட்டார் என்பாள், மாதா கோயில் மணி அடிக்கும் நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்பாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா? இது டேட்டா இல்ல."

"அப்ப எதுடி டேட்டா?"

தட்டினேன், அவள் வருத்தப்படக் கூடாது என்பதற்காக. பட்டியல் முடிந்ததும் தேடுகிற பெட்டி ஒன்று செய்து அவள் கையில் கொடுத்தேன். அம்மா அதில் 'மீசை' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. 'அண்டா' என்று அடித்தாள். வரவில்லை. நான் செய்தது பெயர் அறையை மட்டும், அதுவும் முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும். செல்போனில் பேர் தேடுவது அப்படித்தான், அதையே செய்திருந்தேன்.

"பேரு தெரிஞ்சவன் என்னை ஏன்டி கூப்புடப் போறான்?"

அடுத்த வாரம் சரி செய்கிறேன் என்றேன். அந்த வாரம் என் அலுவலக வேலை கழுத்தை நெரித்தது. அதற்கடுத்த வாரம் அம்மாவால் பேச முடியவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். அதே தேடல் அப்படியே இருந்தது. மாற்றாமல் வைத்திருந்தேன்.

பொன்னியைக் கூப்பிட்டேன்.

"அந்த ஆளப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு? பேரு வேணாம்."

"கிள்ளையிலேருந்து வந்தாரு. போட்டு செவப்புக் கலரு."

"வேற?"

"மோட்டாரு சத்தம் ஜாஸ்தி. காதுல கடுக்கன் போட்டிருந்தாரு... இல்ல, அது கூட வந்தவரோ. எங்க ஊருக்குத்தான் வந்தாரே, அது எழுதியிருப்பாங்களா?"

"எழுதியிருப்பாங்க. மாமா எப்படி இருக்காரு?"

"தண்ணி குடுன்னு திட்டறாரு. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. போன ஜென்மத்துல நான் மாமியாராம், அவுரு மருமவளாம், அதான் பழி வாங்கறேனாம்."

"திட்டட்டும். ஆஃப் பண்ணிடுங்க."

நாலு துண்டு கிடைத்துவிட்டது: கிள்ளை, சிவப்பு, கடுக்கன், மேலத்திட்டு. முதலில், பெயர் அறையை மட்டும் பார் என்ற கட்டுப்பாட்டை நீக்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு அறையையும் சேர்த்து ஒரே நீளச் சொல்லாக்கி, அதற்குள் துண்டு எங்காவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தமிழில் சொல் தனியாக நிற்காது. கிள்ளையில், கிள்ளைக்கு, கிள்ளைக்காரர் என்று வால் முளைக்கும். முழுச் சொல்லுக்கு முழுச் சொல் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஓட்டினேன். பாதியில் விழுந்தது. சிலருக்கு அம்மா குறிப்பே எழுதவில்லை. இல்லாத அறையைத் திறக்கச் சொன்னால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெற்று அறையை வெறும் சொல்லாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். குறிப்பில்லாதவர்கள் பெரும்பாலும் எண் மட்டும் தெரிந்து வேறெதுவும் தெரியாமல் போன ஆட்கள்.

நாலு துண்டும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று கேட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கிள்ளை என்ற ஒரு சொல்லே பாதிப் பேரை இழுத்துக்கொண்டு வந்தது.

அலுவலகத்தில் என்றால் இங்கே ஒரு டீ குடித்திருப்பேன். அம்மா என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். கேட்கிறவர் சொல்வது முழுவதும் சரி என்று அவள் எடுத்துக்கொண்டதே இல்லை. நாலு சொன்னால் மூன்று சரியாக இருக்கும், எந்த மூன்று என்பது கேட்கிறவருக்கும் தெரியாது. பொன்னியும் கடுக்கனில் தடுமாறினாள். எல்லாம் வேண்டும் என்பதையும் ஏதாவது போதும் என்பதையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை துண்டு பொருந்துகிறது என்று எண்ணச் சொன்னேன். அதிகம் பொருந்தியவர் மேலே வரட்டும்.

சிவப்பு என்று தேடவில்லை, 'சிவ' என்று வெட்டிப் போட்டேன். சிவக்குமார்களும் சிவன் கோயில்களும் வந்தால் வரட்டும். கிள்ளை, கடுக்கன், மேலத்திட்டு. ஓட்டினேன்.

மூன்று பொருந்தியவர் ஒருவர் மட்டும்.

காத்தவராயன். கிள்ளை. குறிப்பு: சிவந்த ஃபைபர், ஐந்து பேர் உட்காரலாம். மோட்டார் பழசு, ஆள் கெட்டி. 2018 தண்ணியில் மேலத்திட்டு போய் மூன்று நடை அடித்தவர்.

கடுக்கன் இல்லை. படகு என்ற சொல்லும் இல்லை, ஃபைபர் படகை அம்மா ஃபைபர் என்றே எழுதியிருந்தாள். படகு என்று தேடியிருந்தால் இவர் வந்திருக்கவே மாட்டார்.

பன்னிரண்டு பத்து. அம்மாவின் போனிலிருந்தே கூப்பிட்டேன். என் சென்னை எண்ணை யார் எடுப்பார்கள்.

"அலோ."

"காத்தவராயன் அண்ணன்ங்களா? நான் கடலூர்லேருந்து பேசறேன். டெலிபோன் அம்மா பிரிசில்லாவோட பொண்ணு, ஜான்சி."

மூச்சு விடாமல் தொடர்ந்தேன்.

"அண்ணே, மேலத்திட்டுல ஒருத்தருக்கு..."

"இந்த நம்பரு அந்தம்மாளுது."

"ஆமாண்ணே."

"அந்தம்மா செத்துட்டாங்க. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி போஸ்டரு ஒட்டியிருந்துது, போட்டோவோட. நின்னு படிச்சேன்."

"நான் அவங்க பொண்ணுண்ணே. போஸ்டர்ல எம்பேரும் இருக்கு."

"போஸ்டர்ல இருக்கற பேர யாரு வேணா படிச்சிட்டுச் சொல்லலாம். போன மாசம் எங்க சித்தப்பா நம்பர்லேருந்து ஒருத்தன் கூப்ட்டான். சித்தப்பா செத்து ஒரு வருஷம். ஓடிபி சொல்லுங்கறான். உடும்மா."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், போகவில்லை. பிளாக் செய்துவிட்டார். என் எண்ணிலிருந்து அடித்தேன். ஒரு மணி அடித்ததும் வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு அதுவும் போகவில்லை.

அந்தப் போஸ்டர் ஒட்டியது அம்மாவின் தொழிற்சங்கத்துக்காரர்கள். எந்தப் படம் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். படத்தைக் கொடுத்துவிட்டு, அவளுடைய எண்ணையும் போடுங்கள், கூப்பிட்டுப் பழகியவர்களுக்குத் தெரியட்டும் என்றேன். நானே சொன்னதுதான். பேருக்குக் கீழே எண்ணும் அச்சாகியிருந்தது.

கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இருக்கிறார், எண் இருக்கிறது, கூப்பிட முடியாது. பி.பி. காலத்தில் தினமும் நடந்ததுதான் இது. ஆளுக்கு நேராகப் போன் இல்லை. அம்மா அப்போது அந்த ஆளின் பெட்டியைத் திறக்க மாட்டாள். அந்த ஆளை எழுப்பி அழைத்து வரக்கூடிய இன்னொருவர் பெட்டியைத் திறப்பாள்.

தேடலில் 'காத்தவராயன்' என்று அடித்தேன். இந்தமுறை பெயர் அறையை விலக்கினேன். மற்றவர்கள் குறிப்புக்குள் அந்தப் பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு வந்தது. ஒன்று கடலூரில் காத்தவராயன் கோயிலை ஒட்டிய மர இழைப்பகம். இன்னொன்று இது:

அன்பரசு. லால்பேட்டை. குறிப்பு: டிராக்டர் டயர் பஞ்சர் கடை. கிள்ளை காத்தவராயன் இவர் தங்கச்சி வீட்டுக்காரர். அவர் லேசில் நம்ப மாட்டார். மச்சான் சொன்னால் வருவார். இவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த வரிகளை நான்தான் தட்டியிருந்தேன். தட்டியது நினைவில்லை.

அன்பரசு முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார், எண்ணைப் பார்த்து. பிறகு அவருக்கே நினைவு வந்தது. "யாரு, பொண்ணா?"

"ஆமாண்ணே, ஜான்சி."

"கேள்விப்பட்டேம்மா. அன்னிக்கு வரணும்னு கெளம்புனேன். கெளம்பறேன், ஒருத்தன் டிராக்டர நிறுத்திட்டான், பெரிய டயரு, ரெண்டு பக்கமும். ஒங்கம்மா எனக்குச் செஞ்சதுக்கு... எந்தங்கச்சிக்கு வரன் பாத்தப்ப எங்க வூட்ல ஏது போனு? எதிர்ல பாய் கடையிலதான் பி.பி. மாப்ள வூட்லேருந்து கூப்ட்டுச் சம்மதம்னு சொன்னாங்க. பாய் அன்னிக்கு தொழுவப் போயிட்டாரு. ஒங்கம்மாதான் வெத்தலக்கடைக்கு லைனப் போட்டு..."

குறிப்பின் கடைசி வரி கண்ணில் பட்டது.

"அண்ணே, ஒருத்தர் உயிரு. சாயங்காலத்துக்குள்ள மேலத்திட்டுலேருந்து வெளிய எடுக்கணும். உங்க மாப்பிள்ளைதான் போவணும். நான் கூப்ட்டா நம்ப மாட்டேங்கறாரு. பிளாக் பண்ணிட்டாரு."

"அதச் சொல்லு மொதல்ல. லைன்லயே இரு."

இன்னொரு அழைப்பை இணைத்தார். கடையில் காற்று அடைக்கும் சத்தம் நின்றது.

"மாப்ள, எந்தப் பொம்பள நம்பரய்யா பிளாக் பண்ணி வச்சிருக்க?"

"ஏன் மச்சான், உங்களுக்கும் கூப்ட்டாளா? எடுக்காதீங்க. செத்தவங்க நம்பரு."

"அது அவுங்க பொண்ணு. இதோ லைன்ல கேட்டுக்கினு இருக்குது."

"பொண்ணுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"கொரலு அந்தம்மா மாதிரியே இருக்குதுய்யா."

"இப்ப கொரலே மாதிரி பேசற மிஷின் வந்துடுச்சி மச்சான். நியூஸ்ல போட்டான்."

"ஒனக்கு பேங்க்ல என்ன கெடக்குதுன்னு மிஷின் வச்சிப் பேசப் போறாங்க? தங்கச்சி, ஒங்கம்மா எழுதி வச்சிருப்பாங்கள்ல, இவனப் பத்தி என்ன இருக்குது, படி."

படித்தேன். சிவந்த ஃபைபர், ஐந்து பேர் உட்காரலாம், மோட்டார் பழசு, ஆள் கெட்டி.

"மோட்டாரு இப்ப புதுசு" என்றார் காத்தவராயன்.

அன்பரசு சிரித்தார். காத்தவராயன் சிரிக்கவில்லை. வேறு குரலில் கேட்டார்.

"தரைப்பாலத்துல தண்ணி எவ்ளோ?"

"நெஞ்சளவுக்கு மேலன்னு சொல்றாங்க. இழுப்பு இருக்கு."

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு. அவரால படுக்க முடியாது, உக்காந்தபடிதான் வரணும்."

"நேரா குறுக்க வெட்ட முடியாது. மேக்கால ஏறி, இழுப்போட எறங்கிக் கரை புடிக்கணும். போட்ட கிள்ளையிலேருந்து ஏத்திக்கினு போவ வண்டி வேணும். நாலு மணிக்கு மேல நான் எறங்க மாட்டேன், மரம் மிதந்து வந்தாக் கண்ணுக்குத் தெரியாது."

"வண்டி நான் பாக்கறேன்."

"பாரு. வண்டி வந்தாப் போறேன்."

ஒன்று ஐந்து. 'கிள்ளை', 'குட்டியானை' என்று இரண்டு துண்டு போட்டேன்; சின்னச் சரக்கு வண்டிக்கு ஊரில் அதுதான் பேர். மூன்று பேர். முதல் வண்டி சிதம்பரத்தில் நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது ஆளின் குறிப்பில், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், நீளமாக அடிக்க விட வேண்டும் என்று இருந்தது. நாலு தடவை நீளமாக அடிக்க விட்டேன். ஐந்தாவதில் எடுத்தார். விஷயத்தை முதலில் சொன்னேன். கால் மணி நேரத்தில் காத்தவராயன் வாசலில் நிற்பதாகச் சொன்னார்.

பொன்னியின் போன் ஒன்றரைக்கு உயிர் பெற்றது. தரைப்பாலத்துக்கு மேற்கே, ஊர்க் கரையில் நாற்காலியோடு உட்கார வைக்கச் சொன்னேன். சிவப்பாக ஏதாவது துணி இருந்தால் கம்பில் கட்டச் சொன்னேன்.

"எங்கூட்டுக்காரரோட கட்சித் துண்டு இருக்குது."

"எந்தக் கட்சியா இருந்தாலும் பரவால்ல. தெரியணும்."

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. மூன்று மணிவரை யாரும் கூப்பிடவில்லை. உட்கார்ந்து தேடலைச் சுத்தம் செய்தேன். அவசரத்தில் எழுதியதைப் பிரித்து எழுதினேன். 'மீசை' என்று அடித்தேன். எண்பத்தொரு பேர். 'அண்டா' என்று அடித்தேன். கீழ வீதிப் பாத்திரக்கடை முதலில் வந்தது. அம்மா உட்காரும் நாற்காலி பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் அடுத்த வரியைத் திருத்தினேன்.

மூன்றே காலுக்கு அன்பரசு கூப்பிட்டார். "எறங்கிட்டான். நான் கரையில நிக்கறேன்."

"நீங்களும் போனீங்களா?"

"நான் சொல்லி அனுப்புன ஆளு. நான் வூட்ல உக்காந்துக்கினு இருந்தா எந்தங்கச்சி என்னைக் கேக்க மாட்டாளா?"

அவர் வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார், நான் நிறுத்தவில்லை. படகு மேற்கால் ஏறியது. நடுவில் ஒரு கருவேல மரம் வந்தது, மோட்டாரை அணைத்து மரத்தைப் போகவிட்டார். அக்கரையில் துண்டு தெரிந்தது. நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். படகு திரும்பும்போது அன்பரசின் குரல் நின்றது. இருபது நொடி இருக்கும்.

"அண்ணே?"

"இரு, இரு. சுத்துது... இழுப்புல கெழக்கால தள்ளிக்கினு போவுது. புடிச்சிட்டான். கயிறு வந்துடுச்சி, நான் புடிக்கறேன்."

போனைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆட்கள் கத்தும் சத்தமும், அதற்கு நடுவே ஒரு ஆண் குரலும் கேட்டது. மெதுவா இறக்குங்கடா, நான் என்ன நெல்லு மூட்டையா என்றது அந்தக் குரல். பக்கிரியின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு முன்னால் பொன்னி மருத்துவமனையில் யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினாள். அதே குட்டியானையில் வந்து சேர்ந்தார்களாம். மிஷினில் போட்டுவிட்டார்கள், இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"மாமா என்ன சொல்றாரு?"

"தண்ணி கேக்கறாரு. சுத்தி ஆறு, ஒரு வாய் குடுக்க மாட்டேங்கறான்னு நர்ஸம்மாகிட்ட என்னப் பத்திப் புகார் சொல்றாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"தண்ணி வடியலன்னா செவ்வாக்கெழம என்னா பண்றதுங்க?"

"திங்கக்கெழம நானே கூப்புடறேன்" என்றேன்.

ஆறு மணிக்கு அம்மாவின் போனில் காத்தவராயன் வந்தார்.

"தங்கச்சி, வூட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் பேசுனத மனசுல வச்சிக்காத."

"இல்லண்ணே. நீங்க சந்தேகப்பட்டது சரிதான்."

"அம்மா நம்பர பிளாக்லேருந்து எடுத்துட்டேன்."

"என்ன பேர்ல வச்சிருக்கீங்க?"

"டெலிபோன் அம்மா. மாத்தல. மாத்தணுமா?"

வேண்டாம் என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்தேன். மோட்டார் பழசு என்பதைப் புதுசு என்று திருத்தினேன். நாலு மணிக்கு மேல் இறங்க மாட்டார் என்று சேர்த்தேன். பொன்னிக்கு ஒரு புதுப் பெட்டி போட்டேன்: மேலத்திட்டு, மாமனார் பக்கிரி, டயாலிசிஸ் செவ்வாய், வெள்ளி. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் முந்தின நாளே நாம் கூப்பிட வேண்டும். பட்டியலில் நானாகச் சேர்த்த முதல் ஆள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கூப்பிட்டேன். தரைப்பாலத்தில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் என்றாள் பொன்னி. அடுத்து காத்தவராயனைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஒன்பதுக்கு என்றேன்.

போனை வைத்துவிட்டு அவருடைய குறிப்பின் கடைசியில் ஒரு வரி எழுதினேன்: இனி நேராகக் கூப்பிடலாம்.

அன்பரசின் குறிப்பில், மச்சான் சொன்னால் வருவார் என்று அம்மா எழுதியிருந்ததை மாற்றவில்லை.